காலியாக வந்த பதில்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகளின் வணக்கம். எனக்கு இருமல் விட்டுவிட்டது; வேளைக்குச் சாப்பிடுகிறேன். உங்கள் பிரஷர் எப்படி இருக்கிறது?

"பொம்மைச் சண்டைக்கு எதுக்கும்மா கையேடு?" என்று போனில் கேட்டீர்களே. எங்கள் கம்ப்யூட்டர் போர் விளையாட்டை ஆடுவது மனிதர் இல்லை அப்பா, ஏ.ஐ. படையை நகர்த்த ஒரு கருவி, எதிரியைத் தேட ஒரு கருவி என்று அதற்குக் கொடுத்திருக்கிறோம். எதை எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதி வைப்பதுதான் என் வேலை.

போன வாரம் அது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் எதிரி உண்டா என்று இருநூற்றுப் பதினான்கு முறை கேட்டிருக்கிறது. எதிரி இல்லாதபோது எங்கள் கருவி காலியாகப் பதில் தரும். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் எழுதவே இல்லை. பாவம், அது என்ன செய்யும்?

மேலாளர் சிரித்துவிட்டு, "ஒரு வரி சேத்துடுங்க, போதும்" என்றார். 'காலியாக வந்தால் எதிரி இல்லை, நகரலாம்' என்று சேர்த்துவிட்டேன். வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை.

கண் டாக்டர் எழுதிக் கொடுத்த என் கண்ணாடிச் சீட்டு மேஜை டிராயரில் இருக்கும். போட்டோ எடுத்து அனுப்புங்கள். போட்டோவில் மேஜையும் சேர்ந்து வந்தால் பரவாயில்லை. நீங்களும் அம்மாவும் சேர்ந்து வந்தாலும்தான்.

அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தது என்ன ஆயிற்று என்று இரண்டு கடிதத்தில் கேட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதினீர்கள், அதற்கு மட்டும் இல்லை. ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றே எழுதுங்கள்.

பஸ் வந்துவிட்டது. இருநூற்றுப் பதினான்கு வரை என்னைக் கேட்க வைக்காதீர்கள் அப்பா.

உங்கள் மகள்