நீ உட்கார்ந்த அறையில் ஷூ பெட்டிகள்

உன் அறைக் கதவை இன்று மதியம் திறந்தேன். புது ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. லாரி மோதி நீ போன பிறகு ஆட்களின் மனக்கஷ்டத்தைக் கேட்கக் கம்பெனி வேறு கவுன்சிலரைப் போடவில்லை; சேஃப்டி ஷூ பெட்டிகளை அடுக்கி, அறையை ஸ்டோர் ஆக்கிவிட்டார்கள். உன் நாற்காலி மேல்கூட ஒரு பெட்டி. வந்த கோபத்தில் அதைத் தள்ளிவிட்டேன்.

ஒரகடத்தில் இந்தக் கம்பெனியில் நாம் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நான் மெயின்டனன்ஸ், நீ குவாலிட்டி. ஒரு பார்ட் கெட்டுப்போனால் ஐந்து முறை 'ஏன்' கேட்டு மூலக் காரணத்தைப் பிடிக்கவேண்டும். கம்பெனி நமக்குப் பழக்கியது அது. லைனில் அழுதுகொண்டு நின்ற ஆபரேட்டரிடமும் நீ அதையே செய்தாய். ஏன் அழுகிறாய், ஏன் தூங்கவில்லை, ஏன் வீட்டுக்குப் பேசவில்லை... கடைசி 'ஏன்' வந்தபோது அவன் லைனை விட்டே போய்விட்டான். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை; அப்புறம் வேலைக்கே வரவில்லை.

"மனுசனப் போயி பார்ட்டுன்னு நெனச்சிட்டேம்ல" என்று நாம் தங்கியிருந்த படப்பை ரூமில் உன் தூத்துக்குடிப் பேச்சில் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாய்.

அப்புறம் தபால் வழியில் உளவியல் படித்தாய். வேலையை விட்டாய். பள்ளி விடுதி, குடி மறுவாழ்வு மையம், அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு.

"இன்னாடா, ஒரு எடத்துல நிக்கவே மாட்டியா?" என்று கிண்டல் செய்தேன்.

"எடந்தாம்ல மாறுது. எங்க போனாலும் பயந்துபோன ஆளு ஒருத்தன் உக்காந்துதான் இருக்கான்" என்றாய். கடைசியில் கவுன்சிலராக இங்கேயே திரும்பி வந்தாய்.

இன்று காலை, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் குமார் லீவு முடிந்து வந்தான். பக்கத்தில் நின்றவனின் விரல்கள் பிரஸ்ஸில் போனதைக் கண்ணால் பார்த்தவன். கை நடுங்குகிறது. அந்தக் கையோடு பிரஸ்ஸில் நின்றால் அடுத்துப் போவது அவன் விரல்தான்.

"கவுன்சிலர் சாரு எங்க சார்? அவராண்ட பேசணும்."

நீ போனதைச் சொன்னேன். நின்ற இடத்திலேயே குந்திவிட்டான்.

"சென்சார்லாம் ஓகேதானே சார்? அப்புறம் இன்னாத்துக்கு நடுங்குறான்? நீங்களே ஓட்டச் சொல்லுங்க" என்றார் சூப்பர்வைசர்.

கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்தும் அந்தச் சென்சாரைச் சரிபார்த்தவனே நான்தான். மெஷினில் ஒரு குறையும் இல்லை. கழற்றிப் பார்க்க எனக்கு ஒன்றும் இல்லாததுதான் சிக்கல்.

"இன்னிக்கு இவன் பிரஸ்ல நிக்கமாட்டான். எவன்னா கேட்டா என் பேரச் சொல்லு" என்றேன்.

மதியம் அவனை உன் அறைக்குத்தான் கூட்டிவந்தேன். பேசாமல் உட்கார எனக்கு வராது, உனக்கே தெரியும். 'ஏன்' என்று கேட்டுவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவனே ஆரம்பித்தான்.

"வூட்ல குக்கர் விசில் அடிச்சாகூட கைய இழுத்துக்குறேன் சார். எம் பொண்ணு வெளையாட்டுன்னு நெனச்சிகினு சிரிக்குது."

கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது கதவருகில் நின்று, "நாளிக்கும் இருப்பீங்களா சார்?" என்றான்.

இருப்பேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். எனக்கு இதில் அரிச்சுவடிகூடத் தெரியாதுடா. நாளைக்கும் சூப்பர்வைசரைத் தடுக்க முடியுமா, தெரியாது. அவன் நடுக்கம் நிற்குமா, தெரியாது. ஆனால் அவன் வருவான். வந்து, நீ பேசுவது மாதிரி நான் ஏதாவது பேசுவேன் என்று என் முகத்தைப் பார்ப்பான்.