நந்தினி பாடம் சொன்ன நாள்

ஜோதி,

நந்தினியின் பள்ளியில் இன்று பிள்ளைகளே பெற்றோருக்குப் பாடம் விளக்கும் நாள். யூகேஜியிலேயே இதெல்லாம் உண்டாம். அரை நாள் லீவு போட்டு, கம்பெனி யூனிபார்மோடே போனேன்.

அப்பா, அம்மா இருவருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். விதை முளைப்பதைப் படம் காட்டிச் சொன்னவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நைனா, அம்மாவுக்கு எப்ப சொல்லிக் காட்றது?"

மிஸ்தான், "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுங்க சார்" என்றார்.

உன் அம்மா வீட்டுக்கு நீ போய் நான்கு மாதம் ஆகிறது. நான் அன்று பேசியதைப் பற்றி இதில் எழுதவில்லை. அங்கே ஆர்.கே.பேட்டையில் காலை முதல் பஸ் பிடித்தால் போதும்.

வெள்ளிக்கிழமை பகல் ஷிப்டைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். பள்ளியில் நான் இருக்க மாட்டேன். தயங்காமல் வா.

இப்படிக்கு,
உன் மகளின் அப்பா