வதனிக்குச் சொல்லாமல் ஊர் பார்த்தது

மே 14, வியாழன்

காலமையிலை இருந்து தூறல். குளிர் விட்டபாடில்லை.

பாஸ்போட் இரண்டு. வதனியின்ரை பிரஷர்க் குளிசை. மகள் ஆரணியைப் பிக்கரிங்கிலை பெரியம்மா வீட்டிலை விடவேணும். குப்பை கட்டி வைக்கவேணும்.

பின்னேரம் பிளேன். வதனி இன்னும் "நான் வரேல்லை" எண்டுதான் நிக்கிறாள். டிசம்பரிலை அவளே ஓடி ஓடி வாங்கின பிராக் ரிக்கற், எனக்கு ஐம்பது வயசெண்டு. அப்ப ஊரிலை சண்டை இந்தளவுக்கு வரும் எண்டு ஆர் கண்டது? திருப்பிக் குடுக்கேலாது. கேட்டுப் பாத்தாச்சு.

பிராக் எண்டது என்ரை பழைய பைத்தியம். 91இலை களவாய் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் எங்களை அங்கை ஒரு அறையிலை அடைச்சு வைச்சவன். ஒன்பது பேர், நாற்பத்தேழு நாள். திரைச்சீலையைத் தொட்டால் ஏச்சு. வெளியிலை எங்கையோ ஒரு பெரிய மணி மணித்தியாலத்துக்கு ஒருக்கா அடிக்கும், அதை எண்ணி நேரம் பாக்கிறது. அந்த மணிக்கூட்டை ஒரு நாள் கண்ணாலை பாக்கவேணும் எண்டு புலம்பாத நாளில்லை. வதனி நக்கலடிப்பாள்: "ஒண்டரை மாசம் இருந்தவராம், ஒரு தெருவின்ரை பேர் தெரியாது."

இப்ப நக்கலும் இல்லை. அவளின்ரை தம்பி தயா, மனிசி பிள்ளையோடை, வன்னியிலை அந்தக் கடற்கரைத் துண்டுக்குள்ளை. எங்கடை கலியாணத்திலை எனக்குத் தோழனாய் நிண்டவன். கடைசியாய்ப் போன் எடுத்து இருபது நாளுக்கு மேலை. "அக்கா, கதைக்கக் கன சனம் பின்னாலை நிக்குது, வைக்கிறன்" எண்டவன், வைச்சிட்டான். அண்டையிலை இருந்து வதனிக்கு நித்திரை இல்லை. எனக்கும்தான். வேலை, வேலை முடியப் பஸ் பிடிச்சு டவுன்ரவுன், சண்டையை நிப்பாட்டச் சொல்லிப் பதாகை, கத்தல், திரும்பி வந்து இன்ரநெற். தொண்டையும் போச்சு, முழங்காலும் போச்சு.

வதனியின்ரை தமக்கை, பிக்கரிங் அக்காதான் கடைசியாய் மனசை மாத்தினவ. "போனுக்குப் பக்கத்திலை குந்திக்கொண்டிருந்து என்ன செய்யப் போறாய்? போட்டு வா. ஏதும் எண்டால் நான் உடனை சொல்லுவன்."

மே 15, வெள்ளி

வந்து சேந்தம். கால் இரண்டும் வீங்கிப் போச்சு. இடையிலை பிராங்பேர்ட்டிலை பாஸ்போட்டைப் பாத்தவன் ஒரு குத்துக் குத்திப்போட்டுப் போ எண்டான். அவ்வளவுதான். 91இலை லொறிக்குள்ளை மரக்கறிப் பெட்டிக்குப் பின்னாலை மூச்சுக் காட்டாமல் வந்த எல்லை.

வதனி தன்ரை அக்காவுக்கு நாலு தரம் போன் எடுத்தாள். ஒண்டும் இல்லையாம். படுத்திட்டம்.

மே 16, சனி

குளியலறையுக்கை இருந்து எழுதுறன். பைப் திறந்து கிடக்கு.

காலமை வதனி குளிக்கேக்கை என்ரை போன் அடிச்சுது. சகலன், அக்காவின்ரை மனிசன். "தம்பி, தனியவோ நிக்கிறீர்?" எண்டு கேக்கவே விளங்கிப் போச்சு. தயா போன கிழமையே முடிஞ்சிட்டானாம். செல் விழுந்து. தண்ணிக்கெண்டு பங்கரை விட்டு வெளிக்கிட்ட இடத்திலை. மனிசியும் பிள்ளையும் வவுனியா வந்திட்டினம், அவதான் ஆரின்ரையோ போனிலை சொன்னவ.

"அவளுக்கு மூச்சுக் காட்டாதையும். பிரஷர்காரி. தெரியாத ஊரிலை விழுந்து கிழுந்து போனால் என்ன செய்வீர்? திங்கக்கிழமை வரட்டும், நாங்கள் எல்லாரும் இருந்து சொல்லுவம். அக்கா சொல்லச் சொன்னவ."

ஓம் எண்டன். வேறை என்ன சொல்லுறது? எங்கடை ஆக்கள் எப்பவும் இப்பிடித்தானே. அம்மா செத்ததை எனக்கு எட்டு நாள் கழிச்சுத்தான் சொன்னவை.

அறையிலை இருந்தால் அவள் ரொறன்ரோவுக்குப் போன் எடுப்பாள். அக்காவின்ரை குரலைக் கேட்டாலே காணும். அதாலை இரண்டு போனிலையும் சிம்மைக் கழட்டிப் பர்ஸுக்கை வைச்சன். "இஞ்சை சிக்னல் இல்லையாம்" எண்டன்.

"இவ்வளவு கோபுரம் கட்டி வைச்சிருக்கிறாங்கள், உதுக்கொரு கோபுரம் கட்டத் தெரியேல்லையே?" எண்டாள்.

பிறகு நடை. வெய்யில் நல்லாய் எறிச்சது. பாலம், அதிலை இரண்டு கரையும் கல்லுச் சிலையள், எல்லாத்துக்கும் முன்னாலை நிண்டு விளக்கம் குடுத்தன், எனக்கு ஒரு சிலையின்ரை பேரும் தெரியாது. பாலத்துக் கோபுரம், படி ஏறி. அங்காலை ஒரு சேர்ச். இஞ்சாலை ஒரு சேர்ச். வள்ளம். திரும்ப அதே பாலம்.

"என்னப்பா, உங்களுக்கு இண்டைக்குப் பேய் பிடிச்சிட்டுதோ? கால் கொதிக்குது."

"இன்னும் ஒண்டு பாப்பம், வாரும்."

மணிக்கூடு பன்ரண்டு மணிக்கு. சனம் நெருக்கியடிச்சு மேலை பாத்துக்கொண்டு நிக்குது. மேலை யன்னல் திறக்கப் பொம்மையள் சுத்துது, பக்கத்திலை ஒரு எலும்புக்கூடு கயிறு இழுத்து மணி அடிக்குது. எனக்கு வதனியின்ரை முகத்தைப் பாக்கப் பயம். அவள் "உதுக்குத்தானே பதினெட்டு வருஷம்?" எண்டு தோளிலை தட்டினாள். பெரிய மணி அடிச்சுது. அதே மணிதான், சத்தியமாய் அதே சத்தம். ஒண்டும் தோன்றேல்லை. எப்ப முடியும் எண்டு எண்ணினன்.

பிறகு கம்பியிலை சுத்திச் சுட்ட சீனிப் பாண் ஒண்டு வாங்கிக் குடுத்தன். சீனி மூக்கிலை ஒட்ட அவள் சிரிச்சாள். மாசக்கணக்குக்குப் பிறகு சிரிச்சாள். கை பழக்கத்திலை படம் எடுத்துப் போட்டுது. இந்தப் படத்தை என்ன செய்யிறது? அழிச்சாலும் கேப்பாள், வைச்சிருந்தாலும் கேப்பாள்.

கடைசிச் சேர்ச்சிலை மெழுகுதிரி கொழுத்தினாள். எங்களுக்கு நல்லூர் முருகன்தான், எண்டாலும் எந்தக் கடவுளெண்டாலும் கேக்கட்டும் எண்டாள். தயா வெளியிலை வந்திட்டால் ஒரு வருஷம் மச்சம் மாமிசம் தொடமாட்டாளாம். "நீங்களும் நேருங்கோ." நேர்ந்தன். செத்தவனுக்கு உயிர் கேட்டு, அவளுக்குப் பக்கத்திலை முழங்காலிலை நிண்டு. என்னை மாதிரிப் பாவி இருப்பானோ?

எனக்கும் அழவேணும். அவன் எனக்கும் தம்பிதான். எங்கை போய் அழுறது? கதவு தட்டுறாள், தண்ணி வீணாய்ப் போகுதாம்.

மே 17, ஞாயிறு

கோட்டை பாத்தம். மேடு. அவளின்ரை குதிக்காலிலை கொப்புளம். எனக்குப் பொய்யும் முடிஞ்சுது, பாக்கிற இடமும் முடிஞ்சுது.

வாங்கிலிலை இருந்து சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் கதைக்கத் தொடங்கினாள். தயா ஆக்கள் வந்தால் முதல் இந்தியாவுக்கு எடுக்கவேணுமாம். பிறகு கனடாவுக்கு ஸ்பொன்சர். ஆரணியின்ரை அறையை அவைக்குக் குடுக்கலாமாம். பிள்ளைக்கு எங்கடை பில்டிங்குக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடமே நல்லது. "என்னப்பா, வாயைத் திறவுங்கோவன்?"

"ஓம், செய்வம்" எண்டன்.

ஏலாது. இனி ஏலாது.

மே 18, திங்கள்

பிளேனுக்குள்ளை.

சொல்லிப்போட்டன்.

வீட்டு வாசலிலை குவிஞ்சு கிடக்கிற, துக்கத்துக்கு வந்த சனத்தின்ரை சப்பாத்துகளைக் கண்டவுடனை அவளுக்கு விளங்கும். அத்தினை பேருக்கு முன்னாலை, பெட்டியும் கையுமாய் நிண்டு விளங்கவேண்டாம். அதுதான். எயார்போட்டிலை, ஆளில்லாத கடைசி வரிசைக் கதிரையிலை இருத்திச் சொன்னன்.

"எப்ப?"

"போன கிழமை."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"சனி காலமை."

பிறகு, "அப்ப மெழுகுதிரி கொழுத்தேக்கை?"

"ஓம்."

நெஞ்சிலை குத்தினாள். இரண்டு தரம், நல்ல பலமாய். அங்காலை நிண்ட காவல்காரன் திரும்பிப் பாத்தான். பிறகு என்ரை மடியிலை முகத்தை வைச்சு அழத் தொடங்கினாள். பிளேனுக்குக் கூப்பிடும் மட்டும் அழுதாள். பிளேனுக்குள்ளையும் அழுதாள். நானும் அழுதன். சாப்பாடு கொண்டுவந்த பொம்பிளை தட்டை வைக்காமல் போயிட்டாள். கடலுக்கு மேலை எங்கையோ வரேக்கைதான் அடங்கினது. பிரஷர்க் குளிசை இரண்டு குடுத்தன்.

இப்ப கண் மூடிக்கொண்டே சொல்லுறாள்: "நீங்கள் சொன்னது அக்காவுக்குத் தெரியவேண்டாம். எனக்கெண்டு மூண்டு நாளாய் அழுகையை அடக்கிக்கொண்டு இருக்கிறா, பாவம். அத்தானும் உங்களைத்தான் ஏசுவார். தெரியாத மாதிரியே போவம்."

மே 19, செவ்வாய்

நேற்றுப் பின்னேரம் வந்து சேந்தம். விக்டோரியா டே லீவு, பஸ் குறைவு, ரக்சி. எங்கடை டோர்செட் பார்க் முழுக்கப் பெடியள் வாணம் கொழுத்துறாங்கள்.

எங்கடை மாடித் தட்டிலை, வாசலிலை, நினைச்ச மாதிரியே சப்பாத்து. உள்ளுக்கை முப்பது பேர் மட்டிலை. ரீவியிலை சண்டை எல்லாம் முடிஞ்சுதாம் எண்டு போகுது. ஆரோ அதை நிப்பாட்டினவை. ஆரணி ஓடி வந்து அம்மாவின்ரை கையைப் பிடிச்சாள், அவளுக்கும் தெரியும்.

அக்கா எழும்பி வந்து, "வதனி, எங்கடை தம்பியெல்லோ..." எண்டு கட்டிப் பிடிச்சு விழுந்தா. வதனி "ஐயோ அக்கா" எண்டாள். கண்ணிலை ஒண்டும் வரேல்லை. எங்காலை வரும்? அக்காவின்ரை முதுகைத் தடவித் தடவி அவள்தான் ஆறுதல் சொன்னாள். சனம் பாத்துக்கொண்டு நிண்டது.

அக்காவுக்குத் தண்ணி எடுக்கக் குசினிக்குப் போனன். இரண்டு அன்ரிமார், முதுகு என்ரை பக்கம்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லை, பாத்தனீரோ?"

"யூரோப் சுத்திப் பாத்திட்டு வாறவளுக்கு எப்பிடியப்பா வரும்?"

எனக்கு உச்சியிலை ஏறிச்சுது. வாயைத் திறந்திட்டன். பின்னாலை வதனி நிக்கிறாள், அவளுக்கும் கேட்டிட்டுது. எனக்குத் தலையாட்டினாள், வேண்டாம் எண்டு. என்ரை கையிலை இருந்த தண்ணிக் கிளாசை வாங்கினாள். அவையள் திரும்பிப் பாத்தினம்.

"ஓம் அன்ரி," எண்டாள். "நல்ல வடிவான ஊர்."