வேழாற்று மணல்திட்டில் மாண்டவர் குறித்து

நலம் பெருகுக. கார்வெளி நாட்டு மன்னன் இளநந்தி மாறவேள், கடல் சூழ்ந்த நெய்தற்கரை நாட்டு அரசியார் பூங்கோதை மாதேவியார் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் நலமே கரை சேர்க. உப்புநீர் புகுந்த தங்கள் வயல்கள் மீண்டும் கதிர் காண்க. எம் பெயருக்கு முன் எழுதப்படும் பட்டங்களை எழுத்தர் வழக்கம்போல் எழுதத் தொடங்கியபோது யாமே வேண்டாமென்று தடுத்தோம்.

கடல் பொங்கித் தங்கள் கரையூர்கள் அழிந்த செய்தியும், வாழ வழியற்ற குடிகள் மேற்கே வருகின்றார்கள், அவர்களை ஏற்றருள வேண்டும் என்ற தங்கள் வேண்டுகோளும் எமக்கு உரிய காலத்தில் கிடைத்தன. யாம் மறுமொழி விடுக்கவில்லை. முந்தைய ஆண்டு மழை பொய்த்து எம் களஞ்சியங்கள் பாதி வெறுமையாய்க் கிடந்தன. எம் குடிகளே அரை வயிறு உண்டனர். ஆகவே எம் ஆணையின்றி எவரும் வேழாற்றைக் கடந்து மேல்கரை ஏறலாகாது என்று கட்டளையிட்டோம். தன் நாட்டுக்குள் யார் வரலாம், யார் வரலாகாது என்று முடிவு செய்வது அரசனின் கடமை என்று நம்பினோம். அதை இன்றும் முற்றாக மறுக்க இயலவில்லை என்பதையும் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

வந்தவர்கள் ஆற்றின் நடுவே உள்ள மணல்திட்டில் தங்கினர். பின்னே திரும்ப ஊர் இல்லை. முன்னே ஏற எம் காவலர் விடவில்லை. யாமே அங்கு சென்று கரையில் நின்றோம். உப்பு விளைக்கும் குடியைச் சேர்ந்த சேந்தி என்பவள், இடுப்பளவு நீரில் இறங்கி எம் குதிரையருகே வந்தாள். அவள் கணவன் துறையனும் அவனுடைய முதிய தாயும் திட்டில் அமர்ந்திருந்தனர். அவள் அழவில்லை, காலில் விழவும் இல்லை. அவள் சொன்னதை அவள் சொன்னவாறே எழுதச் செய்கிறோம்:

"சாமி, உங்க நாடு உங்களது, நான் இல்லேன்னு சொல்லல. இப்ப நாங்க உக்காந்திருக்கிற மணலு யாருது? அத மட்டும் சொல்லிடுங்க."

அவைகூடி ஆராய்ந்து உரைப்போம், அதுவரை பொறுத்திரு என்றோம். நியாயமாக நடந்துகொண்டோம் என்ற நிறைவோடு ஆற்றங்கரைக் கோட்டைக்குத் திரும்பினோம் என்பதை எண்ணும்போது இப்போது உடல் கூசுகின்றது.

மறுநாள் அவை கூடிற்று. படைத்தலைவர் விடங்கனார், கதவைத் திறந்தால் திறந்ததுதான், பின் மூட முடியாது என்றார். அமைச்சர் கொற்றனார், நாட்டின் எல்லை என்பது மனிதர் வகுத்தது, பசி மனிதர் வகுத்ததன்று என்றார். உரிமை எம்முடையதா, வருவோருடையதா என்ற வழக்கு சுவையாக நடந்தது. ஆம், சுவை என்ற சொல்லே பொருந்தும். யாம் அதை விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போது துறைக்காவலன் கடம்பன் அனுப்பிய ஆள் மூச்சிரைக்க வாயிலில் வந்து நின்றான். மலையில் பெருமழை பெய்து நீர் ஏறுகின்றது, திட்டில் உள்ளோரைக் கரையேற்ற ஆணை வேண்டும் என்பதே அவன் கொண்டுவந்த செய்தி. கோட்டையின் மேல் வானம் மழைக்குறி ஏதுமின்றி வெளுத்திருந்தது. கொற்றனார் உரை முடியட்டும், நில் என்று கைகாட்டினோம். அவன் வாய் திறக்க முயன்றபோது மீண்டும் கைகாட்டினோம். அவன் நின்றான்.

உரை முடிந்து, அவன் சொன்னதைக் கேட்டு, யாம் குதிரை ஏறித் துறைக்குச் சென்றபோது அங்கே திட்டு இல்லை. செந்நீர் மட்டுமே ஓடிற்று. ஆணைக்குக் காத்திருந்த கடம்பன் இறுதியில் ஆணையை மறந்து, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நீரில் பாய்ந்து, சிலரை இழுத்து வந்திருந்தான். அவர்களுள் சேந்தி ஒருத்தி. துறையனும் தாயும் அகப்படவில்லை. மாண்டவர் எத்தனை பேர் என்று கேட்டோம், எவருக்கும் தெரியவில்லை. எம் நாட்டுக்குள் வராதவர்களை எம் காவலர் ஏன் எண்ணப்போகின்றார்கள்? கடம்பன் தனக்குத் தண்டனை வேண்டி எம் முன் மண்டியிட்டான். அவனை எழுப்பி நிறுத்தினோம். அவன் முகத்தை நோக்க எம்மால் இயலவில்லை.

அரசியாரே, எல்லையில் ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமை அரசனுக்கு உண்டென்றே இன்றும் கருதுகின்றோம். ஆனால் நிறுத்திய கணமே அவர் உயிர் நம் பொறுப்பாகிவிடுகின்றது. இது எமக்கு அன்று தெரிந்திருக்க வேண்டும். இனி எம் துறைக்கு வரும் எவரும் முதலில் கரையேற்றப்பட்டு, உணவும் கூரையும் பெறுவர். ஏற்பதா மறுப்பதா என்ற ஆராய்ச்சி அதன் பின்னரே நடக்கும். மறுக்கப்படுவோர் வாழ வகையுள்ள இடத்துக்கே அனுப்பப்படுவர். இவ்வாணை இன்றே எல்லாத் துறைகளுக்கும் சென்றது. இதனால் மாண்டவர் மீளார் என்பதை அறிவோம். மன்னிப்பை வேண்டி இவ்வோலை வரவில்லை. தாங்கள் ஈடு கேட்பினும், பகை கொள்ளினும், இரண்டுக்கும் தலைவணங்குவோம்.

சேந்திக்கு மேல்கரையில் நிலமும் வீடும் தருவதாகச் சொன்னோம்.

"எனக்கு வேணாம் சாமி. செத்தவங்களுக்கு அங்க சொந்தக்காரங்க மிச்சம் இருப்பாங்க. யாரு யாரு போனாங்கன்னு போய்ச் சொல்லணும். உங்க ஆளுங்களுக்குத்தான் பேரு தெரியாதே" என்றாள்.

ஆகவே, முதலில் தங்கள் அவையில் நடந்ததைச் சொல்லட்டும் என்று அவளைப் பல்லக்கில் அனுப்ப முனைந்தோம்; அதையும் மறுத்து நடந்தே வருகின்றாள். எம் தூதன் அவளுக்குப் பின்னே நடந்து வருவான். தங்கள் அவையில் அவள் பேசி முடிக்கும் வரை அவன் வாய் திறவாதிருக்கவும், அதன் பின்னரே இவ்வோலையைப் பிரிக்கவும் ஆணையிட்டுள்ளோம். எனவே இதிலுள்ளவற்றைத் தாங்கள் முன்பே கேட்டிருப்பீர்கள். அவள் சொல்லுக்கும் இவ்வோலைக்கும் எங்கேனும் வேறுபாடு காணின், அவள் சொல்லே மெய்யெனக் கொள்க. இங்கே எழுதியிருப்பது பொய்யென்று கொள்க.

இது எம் கைச்சாத்து. இலச்சினை எம் கையாலேயே இடப்பட்டது.