ஓசி உயிர்

கூடப் பிறக்காமலே எனக்கு அக்காவாகிப்போன சரோஜா அக்காவுக்கு,

முதலில் பிள்ளைகள் சங்கதி. உங்கள் பேரன் அருணுக்குப் பெங்களூரில் பதவி உயர்ந்துவிட்டது. அவனுக்குக் கீழே எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்களாம். உங்கள் பேத்தி நித்யா டாக்டர் படிப்பில் மூன்றாம் வருஷம் முடித்துவிட்டாள். என் பேத்தி ஹரிணி பத்தாம் வகுப்பில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாம் இரண்டு பேரும் அஞ்சாம் கிளாஸோடு நின்றவர்கள். நம் வீட்டில்தான் இத்தனை படிப்பு.

இத்தனை பேர் படித்த வீட்டில் உங்களுக்கு என்ன ஆகிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை அக்கா. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். நோட்டில் எழுதி, பக்கத்தைப் படம் பிடித்து, குடும்ப குரூப்பில் போடப்போகிறேன். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

நம் விளையாட்டு என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. உங்கள் மகன் முரளி தன் பழைய போனைக் கொடுத்தபோது அதிலேயே இருந்தது. கீழே ஒரு சின்னக் கப்பல், மேலேயிருந்து நூறு நூறாய்க் குண்டு. கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தால் கப்பல் கூடவே வரும். குண்டுகள் பூப்பூவாய் விரிந்து கொட்டுவதைப் பார்த்துப் ‘பொரி’ என்று பேர் வைத்தீர்கள். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வரும் ராட்சசனுக்கு ‘சம்பந்தி’. கடைசியில் வருவான், வந்ததும் கொட்டித் தீர்ப்பான்.

கப்பலின் இறக்கையில் பொரி பட்டால் ஒன்றும் ஆகாது. நடுவில் சிவப்பாய் ஒரு பொட்டு இருக்கும், அதில் பட்டால்தான் உயிர் போகும். “என் பொட்டுதான் போயிடுச்சு, இந்தப் பொட்டையாவது காப்பாத்துவோம்டி” என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மொத்தம் மூன்று உயிர். அது தீர்ந்தால், ஒரு விளம்பரம் பார்த்தால் இன்னொரு உயிர் கிடைக்கும். மனைக்கட்டு விளம்பரமோ, முகத்துக் கிரீம் விளம்பரமோ. அதற்கு ‘ஓசி உயிர்’ என்று பேர் வைத்தவரும் நீங்கள்தான், அது கூடாது என்று சட்டம் போட்டவரும் நீங்கள்தான். “விளம்பரம் பாத்து வாங்குன உயிர்ல ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பாடி?” வாங்கினால் மறைக்கவும் முடியாது. மார்க்கில் கடைசி இலக்கம் எப்போதும் சைபர்தான். ஒரு ஓசி உயிர் வாங்கினால் அது ஒன்றாகிவிடும். அந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான்.

கைலாசபுரத்தில், கண்ணாடியில் விரல் வழுக்கட்டும் என்று பவுடர் தொட்டுக்கொண்டு நீங்கள் ஆடுவீர்கள். ஸ்ரீரங்கத்தில் நான் ஆடுவேன். சாயங்காலம் மார்க்கைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்புவோம். வேறு யார் நம்மோடு போட்டி போட்டார்கள்?

போன வருஷம் ஒரு புதன்கிழமை. அஞ்சாவது கட்டத்தை முடித்த படம் உங்களிடமிருந்து வந்தது. ஏழு மாதமாய் நம் இருவராலும் தாண்ட முடியாத கட்டம். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை. உடனே கூப்பிட்டேன்.

“என்னக்கா, சம்பந்தியை அனுப்பி வச்சிட்டீங்க போலிருக்கே?”

“பாத்தியாடி!”

“பாத்தேன். கடைசி இலக்கத்தையும் பாத்தேன். ஒண்ணு நிக்குது.”

நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நானே தொடர்ந்தேன்.

“ஓசி உயிரா? எனக்குச் சட்டம் போட்டது யாரு?”

“இல்ல தனம், கை வந்து...”

“கை என்ன பண்ணுச்சு? அதுவா போய் விளம்பரத்தை அமுக்கிடுச்சாக்கும்?”

“விடுடி. உங்கிட்ட போய்ச் சொல்ல வந்தேன் பாரு.”

வைத்துவிட்டீர்கள். ஒன்பது நாள் பேசவில்லை. சின்னவள் நான்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். ரோஷம். பத்தாம் நாள் முரளி கூப்பிட்டான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது நீங்கள் கண் திறக்கவில்லை. கடைசிவரைக்கும் திறக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் முரளி ஒன்றையே சொன்னான். “நாள் பூரா போன்தாங்க. குண்டு, வெடி, வெளிச்சம். மூளை தாங்குமா?” எல்லோரும் தலையாட்டினார்கள். “நீயும் ஆடுவியாமே?” என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். “எப்பவாவது” என்றேன். கையிலிருந்த என் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். உங்களை விட்டுக்கொடுத்தது அது இரண்டாம் தடவை.

போன வாரம் உங்கள் முதல் வருஷத் திதி. சாப்பாடு முடிந்து பெண்கள் உட்கார்ந்திருந்தோம். உங்கள் மருமகள் கவிதா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

“அத்தை கேட்டாத்தானே சின்னத்தை? ஒரு நாள் ஆடிக்கிட்டிருக்கும்போதே வலது கை மரத்துப்போச்சுன்னாங்க. போனை நாள் பூரா தேய்ச்சா மரக்காம என்ன செய்யும்னேன். அரை மணி நேரத்துல சரியாப் போச்சு. அதுக்குள்ள இடது கையால ஆடி ஏதோ லெவலை முடிச்சிட்டேன்னு ஒரே குதி.”

நித்யா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். “எப்பம்மா இது?”

“ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குப் பத்து நாள் முன்னாடி இருக்கும்.”

“அம்மா, கை மரத்துட்டு தானா சரியாப் போனா அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னாடி வர்ற எச்சரிக்கைம்மா. அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருந்தா...”

“எனக்கு என்னடி தெரியும்? நான் டாக்டரா?” கவிதா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவளை நான் என்ன சொல்ல? அவளிடம் நீங்கள் முழுதாகச் சொன்னீர்கள், அவள் போனைக் குறை சொன்னாள். என்னிடம் பாதி சொன்னீர்கள், நான் மீதியைச் சொல்லவே விடவில்லை.

சம்பந்தி பொரியைக் கொட்டும் நேரத்தில் விரல் செத்துப்போய், கப்பல் அசையாமல் நின்று, கடைசி உயிரும் போயிருக்கும். விளம்பரம் ஓடி முடிவதற்குள் போனை மடியில் வைத்துக்கொண்டு கையை மாற்றியிருப்பீர்கள். இடது கையால் ஒருவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டாதவர் நீங்கள். அந்தக் கையால் அஞ்சாவது கட்டத்தை முடித்திருக்கிறீர்கள். ஜெயித்ததைச் சொல்லவா அந்தப் படத்தை அனுப்பினீர்கள்? இல்லை, பயந்துபோய் யாரிடமாவது கையைப் பற்றிச் சொல்லவா? நான் எதைக் கேட்கத் தவறினேன் அக்கா?

பஸ்ஸில் வரும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கேயே, திதிக்கு வந்திருந்த எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மூன்றாம் தடவை.

முரளி, உனக்கும் ஒரு வார்த்தை. அம்மா படம் என்று குரூப்பில் ஒன்றைப் போட்டிருக்கிறாயே, அது கல்யாண மண்டபத்தில் எடுத்தது. மடியில் போன் தெரிகிறது என்று கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டாய். அது வேண்டாம்ப்பா. நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணாடி மூக்கில் இறங்க, விரலும் போனுமாய் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த முழுப் படத்தைப் போடு.

அக்கா, அடுத்த மாதம் மண்ணச்சநல்லூரில் அருணுக்கு நிச்சயதார்த்தம். சொந்தம் முழுக்க வரும். ‘பாவம், போன் பாத்துப் பாத்தே போயிட்டாங்க’ என்று யாராவது ஒருத்தர் கட்டாயம் ஆரம்பிப்பார். அப்போது நான் எழுந்து நிற்பேன். போனால் இல்லை, கை மரத்தது என்று சொன்ன மனுஷியை ஒருத்தி திட்டினாள், ஒருத்தி கேலி செய்தாள், அதனால்தான் என்பேன். கேலி செய்தவள் யார் என்று அவர்கள் கேட்பதற்குமுன் நானே என் பேரைச் சொல்லிவிடுவேன்.

கேட்காமல் விட்ட உங்கள் ஓரகத்தி,
தனம்