எத்தனை பேருக்கான அடுப்பு

கொட்டாஞ்சேனை,
12.01.2025

அன்பின் அத்தானுக்கு,

நான் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல். புத்தாண்டன்று தொலைபேசியில் பட்ட சண்டைக்குப் பிறகு நன்றாக யோசித்தேன். கதைத்தால் நான் குறுக்கே பாய்கிறேன், நீங்கள் ‘ம்’ கொட்டுகிறீர்கள், பின்னால் உங்கள் ஹோட்டல் சமையலறையில் பாத்திரங்கள் விழுகின்றன. கடிதத்தில் யாரும் யாரையும் இடைமறிக்க முடியாது. ஆகவே இனிக் கடிதம் மட்டும்தான், இது சட்டம். உங்களோடு வேலை செய்யும் றேமண்ட் அண்ணா லீவு முடிந்து டோஹா திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

விஷயம் அடுப்பைப் பற்றியது. 2022இல் கேஸ் வரிசையில் மூன்று நாள் நின்று வெறுங்கையோடு திரும்பிய அன்று, பெயின்ற் தகரத்தை வெட்டி ஒரு விறகடுப்புச் செய்து தந்தீர்களே, அது இன்னும் பின் பல்கணியில் உயிரோடு இருக்கிறது. “ஒரு மாதத்துக்குத்தானே ராணி” என்றீர்கள். அந்த ஒரு மாதம் வருகிற ஜூனோடு மூன்று வருடமாகிறது.

எனக்கு முட்டு கூடிவிட்டது, மூச்சு இழுக்கிறது. டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்டில் புகையை விடுங்கோ, இல்லாட்டி மூச்சுக்கு இழுக்கிற பம்பைக் கையை விட்டு விடாதேங்கோ” என்றார். வெள்ளவத்தைப் புடவைக் கடையிலும் முதலாளியம்மா, “ராணி, நீங்கள் விரிச்சுக் காட்டுற சீலையெல்லாம் புகை மணக்குது” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டா. கேஸ் இப்போது கிடைக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் கேஸ் குக்கரை அந்த வருடமே விற்றுவிட்டோம். இனி ஒன்றை மட்டும் நம்பி இருக்கவும் எனக்கு மனமில்லை.

புறக்கோட்டையில் ஹாஷிம் நானாவின் கடையில் ஒரு அடுப்புப் பார்த்தேன். விறகு, சிரட்டை, கரி, மரத்தூள் கட்டி, எதைப் போட்டாலும் எரியுமாம். அடியில் ஒரு சின்னக் காற்றாடி. போனைப் போல சார்ஜ் பண்ணலாம். அது ஊதுகிற காற்றில் புகையும் சேர்ந்து எரிந்துவிடுமாம். பெரியது, சின்னது என்று இரண்டு அளவு உண்டு. நானா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எத்தின பேருக்கு ஆக்குற, தங்கச்சி?”

“அவரைக் கேட்டுச் சொல்லுறன் நானா” என்று வந்துவிட்டேன். வீட்டில் எத்தனை பேர் என்று புருஷனைக் கேட்டுச் சொல்கிற பெண்ணை அவர் இதற்கு முன் கண்டிருக்க மாட்டார்.

போகும்போது இரண்டு வருடம் என்றீர்கள். பிறகு இன்னும் ஒன்று என்றீர்கள். அதுவும் ஜூனில் முடிகிறது. எத்தனை பேருக்கு, அத்தான்?

உங்கள்
ராணி

*

டோஹா,
02.02.2025

அன்புள்ள ராணிக்கு,

கடிதத்தோடு நீர் கொடுத்து விட்ட மிளகாய்த்தூளையும் றேமண்ட் தந்தான். பையைத் திறந்ததும் அறையிலிருந்த ஆறு பேரும் தும்மினோம். பக்கத்து அறை நேபாளப் பையன்களும் தும்மினார்கள். உமது கைவண்ணம் இந்த நாட்டில் சுவர் தாண்டிப் பேசப்படுகிறது.

அடுப்பு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். பெட்டியில் ஒட்டியிருப்பதை நம்பாமல் எரித்துக் காட்டச் சொல்லும். பற்ற வைத்த முதல் ஐந்து நிமிடம் எந்த அடுப்பும் புகைக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதன் பிறகு ஒரு வெள்ளைத் தாளை நெருப்புக்கு ஒரு முழம் மேலே பிடித்து ஐம்பது வரை எண்ணும். தாள் கறுத்தால் வாங்க வேண்டாம். இரட்டைச் சுவரா, உள்ளே மேல் விளிம்பைச் சுற்றிக் காற்றுத் துளைகள் இருக்கின்றனவா என்று பாரும். அந்தத் துளைகள்தான் புகையைத் தின்னும். காற்றாடி பழுதானால் வேறு கிடைக்குமா என்று கேட்டு வையும். ஈர விறகு போட்டால் எந்த அடுப்பும் புகைக்கும். எதை வாங்கினாலும் பல்கணியிலேயே வையும், அறைக்குள் கொண்டு போக வேண்டாம். சாம்பல் தட்டு இழுக்கிற மாதிரி இருக்க வேண்டும். நீர் குனிந்து ஊதக் கூடாது.

இங்கே இருபத்திரண்டு அடுப்பு, எல்லாம் நீல நெருப்பு. நாளொன்றுக்கு நானூறு பேருக்குச் சமைக்கிறேன். அதில் ஒருவருடைய முகத்தையும் பார்த்ததில்லை. போன வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்களுக்குச் சொதி வைத்தேன். தேங்காய்ப்பால் சரி, தேசிப்புளி சரி, ஆனாலும் ஏதோ குறைந்தது. அந்த விறகு மணம்தான் என்று பிறகு விளங்கியது. உமக்கு அது நஞ்சு. எனக்கு அதுதான் வீடு.

மறக்காமல் பம்பைப் பாவித்து வாரும்.

அன்புடன்
கஜன்

*

கொட்டாஞ்சேனை,
24.02.2025

அன்பின் அத்தானுக்கு,

காற்றுத் துளை, இரட்டைச் சுவர், சாம்பல் தட்டு. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட நீங்கள் இவ்வளவு விசாரிக்கவில்லை. நான் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு சொல் இல்லை.

சொன்னபடி தாளோடு போனேன். ஹாஷிம் நானா கடை வாசலிலேயே சிரட்டை போட்டு எரித்துக் காட்டினார். ஐம்பது வரை எண்ணினேன், தாள் வெள்ளையாகவே இருந்தது. “இப்பிடி சோதிக்கிற ஆள நான் காணவேயில்ல. வீட்டுக்காரர் இன்ஜினியரோ?” என்றார். “குக்” என்றேன். “அப்ப சரி” என்று சிரித்தார்.

பிறகு அவர் சொன்னதைக் கவனமாக வாசியுங்கள். “நான் செல்றத கேளுங்க தங்கச்சி. பெரிய அடுப்புல ஒராளுக்கு ஆக்கினா, கொஞ்சூண்டு விறகு போடுவீங்க, நெருப்பு ஒழுங்காப் புடிக்காது, புகைக்கும். சின்னதுல ரெண்டு பேருக்குத் திணிச்சாலும் அதே கததான். ஆள் கணக்கு சரியா இருந்தாத்தான் புகை இல்ல.”

ஆகவே இது என் நெஞ்சோடு சம்பந்தப்பட்ட கேள்வி. இனிச் சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் இல்லாமல் இந்த வீட்டில் இருக்க எனக்கு ஏலாமல் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் இரண்டு பேருக்கு அரிசி எடுத்து, பாதியைத் திரும்ப வாளிக்குள் கொட்டுகிறேன். மூன்று வருடமாகியும் கை பழகவில்லை. வேலையால் வந்து சீலை மாற்றும்போது, கடையில் நடந்ததைச் சொல்ல வாய் எடுத்துவிட்டு நிற்கிறேன். பழனியம்மா அக்கா கீழ் வீட்டில் இல்லையென்றால் சுவரோடு கதைக்கத் தொடங்கியிருப்பேன்.

ஜூனில் வருகிறீர்களா? ஓம் என்றால் பெரியது. இல்லை என்றால் சின்னது. எதுவானாலும் நான் தாங்குவேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள்
ராணி

*

டோஹா,
15.03.2025

என் ராணிக்கு,

பெரியதை வாங்கும். ஜூன் இருபதாம் திகதி வருகிறேன்.

இதை எழுதி முடித்ததும் நானே இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம். றேமண்ட் “என்ன மச்சான், தனியச் சிரிக்கிறாய்?” என்றான்.

ஒரு வேண்டுகோள். நான் வரும்வரை புது அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம். கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்குள் போய்ப் பால் காய்ச்சியபோது நீர் பானையைப் பிடித்தீர், நான் நெருப்பைப் பார்த்தேன். இதிலும் முதல் பால் அப்படியே பொங்கட்டும். தகர அடுப்பையும் விட்டு வையும். செய்தவன்தான் வந்து உடைக்க வேண்டும்.

என்றும் உமது
கஜன்

*

கொட்டாஞ்சேனை,
20.05.2025

என் அத்தானுக்கு,

அடுப்பு வந்துவிட்டது! புறக்கோட்டையிலிருந்து த்ரீவீலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அது பாரம், கால் விறைத்துவிட்டது, ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை. குங்குமப் பொட்டு வைத்து, மழைத் தூவானம் படாமல் தலையணை உறை போட்டு மூடியிருக்கிறேன்.

பழனியம்மா அக்கா பார்த்துவிட்டு, “என்னா புள்ள, அடுப்புக்குத் தலகாணி ஒற போட்டிருக்க? அதுக்குக் குளிருதா?” என்று கேலி பண்ணினா. பிறகு நான் தகர அடுப்பை ஊதி இருமுவதைக் கண்டதும் கோபம் வந்துவிட்டது. “புதுச மூடி வச்சிக்கிட்டு இதுல கெடந்து சாவுறியே, ஒனக்குப் புத்தி இருக்கா?” நான் விஷயத்தைச் சொன்னேன். பால், பானை, நெருப்பு எல்லாம். அக்கா என்னைத் தள்ளிவிட்டுத் தானே குனிந்து ஊதினா.

பயப்பட வேண்டாம், பம்ப் கையிலேயே இருக்கிறது. இன்னும் முப்பத்தொரு நாள்தானே. மூன்று வருடம் தின்ற புகையில் இது கொசுறு. ஒரு சாக்கு சிரட்டை உடைத்து வைத்திருக்கிறேன். வெயில் வந்தால் வெளியே, மழை வந்தால் உள்ளே என்று சாக்கோடு ஓடுகிறேன்.

எந்த விமானம் என்று எழுதுங்கள். எழுதாவிட்டாலும் இருபதாம் திகதி டோஹாவிலிருந்து வருகிற எல்லாவற்றுக்கும் நிற்பேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் ராணி

*

டோஹா,
11.06.2025

அன்புள்ள ராணிக்கு,

இதை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். நான் இருபதாம் திகதி வரவில்லை. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

போட்டது ஏப்ரலில். வருகிறேன் என்று எழுதிய அன்று வரத்தான் இருந்தேன், சத்தியம். பிறகு பெரிய செஃப் ஒப்பந்தத் தாளை முன்னால் வைத்தார். பேனா என் கையில்தான் இருந்தது, யாரும் பிடித்து எழுதவில்லை. அன்றே உமக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். நாளை, நாளை என்று விட்டேன். அந்த நாட்களெல்லாம் நீர் எனக்காகத் தகரத்தில் ஊதிக்கொண்டிருந்திருக்கிறீர்.

எனக்குப் பயம், ராணி. அன்று சிலிண்டர் இல்லாமல் வாசலில் வந்து நின்றபோது நீர் ஏசவில்லை. சிரித்து, “பரவாயில்லை, வாங்கோ சாப்பிட” என்றீர். அந்தச் சிரிப்புக்கு முன்னால் இன்னொரு முறை வெறுங்கையோடு நிற்க என்னால் ஏலாது. அங்கே வந்தால் எனக்கு வேலை இருக்குமோ தெரியாது. இங்கே ஆறு பேர் அறையில் கிடந்தாலும் நான் ஒரு ஆள்.

போனில் சொல்லத் துணிவு வரவில்லை. தபாலையும் நம்பாமல் கார்த்திகன் கையில் கொடுத்து விடுகிறேன். உமக்குத் தெரியும், எங்கள் தெருப் பையன்தான். பதினைந்தாம் திகதி லீவில் அங்கே வருகிறான். இருபதுக்கு முன் உம் கைக்கு வந்துவிடும்.

அடுப்பைப் பற்ற வையும். எனக்காக வைத்திருக்க வேண்டாம். அடுப்பைத்தான் சொன்னேன்.

கஜன்

*

கொட்டாஞ்சேனை,
30.06.2025

அன்பின் அத்தானுக்கு,

கார்த்திகனின் லீவு ஐந்து நாள் தள்ளிப் போனதாம். இருபதாம் திகதி காலை விமான நிலையத்தில் நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, தள்ளுவண்டியோடு அவன்தான் வெளியே வந்தான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, “அக்கா! உங்கட வீட்டை வரத்தான் இருந்தனான். அண்ணை இதைத் தந்து விட்டவர்” என்று கடிதத்தை நீட்டினான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. உங்களை எதிர்பார்த்து நின்ற இடத்திலேயே உங்கள் கடிதத்தை வாசித்தேன். அதன் பிறகும் டோஹாவிலிருந்து இன்னொரு விமானம் வந்தது. அதற்கும் நின்றேன்.

இரண்டு நாள் உங்களைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த சொற்கள் முடிந்ததும் பழனியம்மா அக்கா கை கொடுத்தா. அக்காவிடம் கையிருப்பு அதிகம்.

உங்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அன்று நான் சிரித்தது கேஸ் கிடைக்காததற்கு அல்ல. மூன்று நாளைக்குப் பிறகு நீங்கள் வாசலில் நின்றீர்கள், அதற்குத்தான். அது உங்களுக்கு இவ்வளவு வருடமும் தெரியாமல் போயிற்றே என்பதுதான் எனக்கு நெஞ்சடைக்கிறது.

மூன்றாம் நாள் பெரிய அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஹாஷிம் நானாவிடம் போனேன். சாம்பல் தட்டை இழுத்துப் பார்த்தார், ஒரு துளி சாம்பலும் இல்லை. அவர் கேட்க முன்பே, “ஒராளுக்கு, நானா” என்றேன். அதை வாங்கி வைத்துவிட்டுச் சின்னதை எடுத்துத் துடைத்துத் தந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சினேன். பானையையும் நானே பிடித்தேன், நெருப்பையும் நானே பார்த்தேன். பொங்கி வழிந்தது. பழனியம்மா அக்காவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். தகர அடுப்பைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன். செய்தவன்தான் உடைக்க வேண்டும் என்றீர்கள். ஊதியவளுக்கும் அந்த உரிமை உண்டு.

இந்தக் கடிதம் எழுதுகிற தாளைத்தான் அடுப்புக்கு மேலே பிடித்து ஐம்பது வரை எண்ணினேன். பாருங்கள், கறுக்கவில்லை. நீங்கள் சொன்ன இரட்டைச் சுவரும் துளைகளும் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. இருமலும் குறைந்துவிட்டது. ஒரேயொரு கஷ்டம்தான். இவ்வளவு நாளும் கண் கலங்கினால் புகை என்று அக்காவுக்குச் சொல்லித் தப்பிவிடுவேன். இப்போது சொல்வதற்கு ஒரு சாட்டும் இல்லை.

இனி எனக்குத் திகதி எழுத வேண்டாம். வந்தால், வந்து கதவைத் தட்டுங்கள், திறப்பேன். ஆனால் இது சின்ன அடுப்பு. இரண்டு பேருக்கென்றால் இரண்டு தரம் உலை வைக்க வேண்டும். முதலில் என் சோறு வேகும்.

ஜீவராணி