ரங்கூன் படத்தின் பின்பக்கம்

மதினி,

இன்று காலை அடுப்பு மூட்டத் தீப்பெட்டியை எடுத்தேன். இரண்டு நாள் சாரலில் பெட்டி நமத்துப்போயிருந்தது. மேலே ஒட்டியிருந்த படம் வழுக்கிக்கொண்டு வந்து என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. ஈரக் காகிதமும் பசையும் கலந்த அந்தப் புளித்த வாடை வந்ததும் அடுப்பை மறந்து நின்றுவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் உங்களை நினைத்தால் அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. யாரைக் கேட்டுக்கொண்டு இவ்வளவு சீக்கிரம் கிளம்பினீர்கள்?

கோம்பையிலிருந்து என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு அனுமந்தன்பட்டிக்கு வந்தபோது, உங்கள் சீரோடு ஒரு தகரப் பெட்டியும் வந்து இறங்கியது. நகைப் பெட்டி என்று நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். உள்ளே முழுக்கத் தீப்பெட்டிப் படங்கள். கிளி, மயில், கப்பல், கடிகாரம், குத்துவிளக்கு என்று நூற்றுக்கணக்கில் அடுக்கியிருந்தீர்கள். "குச்சியை எரிச்சாச்சு, கூட்டை எதுக்குக் கட்டிச் சுமக்குறா?" என்று அண்ணன் கேலி செய்ததும், நீங்கள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டதும் நன்றாக நினைவிருக்கிறது.

அந்தப் படங்களுக்கு நடுவில் ஒன்றுக்கு மட்டும் தனி மரியாதை. குடை பிடித்த வெள்ளை யானை, சிவப்புப் பின்னணி. கெட்டி அட்டையில் ஒட்டி, மெல்லிய தாள் சுற்றி வைத்திருப்பீர்கள். உங்கள் அப்பா கொடுத்தது. அவர் பருத்தி லாரி ஓட்டியவர். அவருடைய அப்பா ரங்கூனில் இருந்து திரும்பியபோது கொண்டுவந்த தீப்பெட்டியின் படம் அது. அந்தக் கம்பெனியே யுத்தத்தில் எரிந்துபோனது. இனி உலகத்தில் இன்னொன்று கிடைக்காது. இதை நீங்கள் சொல்லி எத்தனை முறை கேட்டிருப்பேன்! கடைசியில் எப்போதும் ஒரே வரியில் முடிப்பீர்கள். "எங்கப்பா சோத்துப் பருக்கையை நசுக்கி, என் கண்ணு முன்னாலதான் அட்டையில ஒட்டுனாக."

போடியில் படம் சேர்க்கிறவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். பேப்பர்கடை சாமுவேல் அண்ணன் கடைக்கு மேல் மாடியில் கூட்டம். ஏலக்காய் வியாபாரிகள், எஸ்டேட் கிளார்க்குகள் என்று எல்லோரும் ஆண்கள். நீங்கள் ஒருத்திதான் பெண். தனியாக அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். நான் அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டிருந்ததால் கூப்பிட்டதும் ஓடிவந்துவிடுவேன். எனக்குப் படத்தில் என்ன அக்கறை? போடி கடைத்தெரு வாழைக்காய் பஜ்ஜிக்காகத்தான் வந்தேன்.

ஆனால் உங்களை அங்கே பார்க்க வேண்டுமே! யாராவது அபூர்வம் என்று ஒன்றை எடுத்தால் போதும், மாடியே உங்கள் முகத்தைப் பார்க்கும். வெளியூர்க்காரன் ஒருத்தன் புதிதாக அச்சடித்த படங்களை அட்டையில் ஒட்டி, பழசு என்று பாதிப் பேர் தலையில் கட்டிவிட்டுப் போனபிறகு, நீங்கள்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தீர்கள். அபூர்வம் என்று சொன்னால் அட்டையில் ஒட்டியபடியே காட்டுவது செல்லாது. எல்லோர் முன்னாலும் தண்ணீரில் போட்டு உரித்து, பின்பக்கத்தைக் காட்ட வேண்டும். "ஒட்டி மறைச்ச பக்கத்துலதான் சங்கதி இருக்கு" என்பீர்கள். எத்தனை பேருடைய பெருமையை அந்தத் தட்டில் ஊறவைத்தீர்கள்! திட்டிக்கொண்டே போவார்கள், அடுத்த மாதம் உங்கள் பக்கத்திலேயே வந்து உட்காருவார்கள்.

மதுரையில் ஒரு கண்காட்சிக்குப் போடிக் கூட்டத்தின் சார்பில் படங்கள் அனுப்புவது என்று முடிவானது. முதல் வரிசைக்கு எது என்று பேச்சு வந்ததும் நீங்கள் யானையை எடுத்து வைத்தீர்கள். அதுவரை அதை வெளியே கொண்டுவந்ததே இல்லை. ஏலக்காய்த் தரகர் ஒருவர், உங்களிடம் இரண்டு முறை மூக்குடைபட்டவர், அதைச் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரங்கூன்ல இருந்து வந்தது இம்புட்டுப் பளிச்சுன்னா இருக்கும்? எனக்கு என்னமோ நம்பிக்கை இல்லம்மா" என்றார்.

சாமுவேல் அண்ணன் அவரை அடக்கினார். "விடப்பா. அவுக அப்பா கொடுத்தது. அவுக செத்து மூணு வருஷம் ஆச்சு. இதுக்குமா சட்டம் பேசுறது? அப்படியே அனுப்புவோம்."

நான் உங்கள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்க மதினி, போவோம். படத்தை அனுப்பவே வேண்டாம்."

நீங்கள் கையை உதறினீர்கள். "ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? தட்டுல தண்ணி ஊத்துங்கண்ணே" என்றீர்கள்.

குரல் நடுங்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் அட்டை மிதந்தது, பிறகு கனத்து அமிழ்ந்தது. பழைய பருக்கைப் பசை வெள்ளை வெள்ளையாகக் கரைந்து வந்தது. நீங்களே இரண்டு விரலால் ஓரத்தைத் தூக்கி, கிழியாமல் உரித்து, உள்ளங்கையில் கவிழ்த்தீர்கள்.

பின்பக்கத்தில் எழுத்தும் எண்ணும் இருந்தன. ஆடி மாதத் தேதிகள், ஒரு வெள்ளிக்கிழமை விரதம், மேலே பாதி வெட்டுப்பட்டு சுபகிருது வருஷம் என்று. தமிழ்க் காலண்டர்த் தாள். உங்கள் அப்பா படத்தைக் கொடுத்த அதே வருஷம்.

சாமுவேல் அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார். "சிவகாசி அச்சாபீஸ்ல கலர் சரியா விழுதான்னு பாக்க, மொதல்ல வீணாப்போன தாள்ல அச்சு ஓட்டிப் பாப்பாக. அப்படி ஓட்டித் தூக்கிப்போட்டதும்மா இது. அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காது. எவனோ அவுகளை ஏமாத்தியிருக்கான்."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தரகர்கூடச் சொன்னார். பாவம், நல்ல மனிதர்கள்தான். நீங்கள் ஈரப் படத்தை முந்தானையில் ஒற்றி எடுத்து, "போலி. வரிசையில இருந்து எடுத்துருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினீர்கள். அன்று பஜ்ஜி வாங்கவில்லை.

பஸ் தேவாரம் தாண்டியது. அப்புறம் என் பக்கம் திரும்பிக் கேட்டீர்கள். "நீ சொல்லுத்தா. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்காது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வாய்வரை வந்தது. ஆனால் உங்களிடம் போய்ப் பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை.

"பருக்கை வச்சு ஒட்டுனது அவுகதான மதினி? பின்பக்கம் பாக்காம எப்படிப் பசை தடவியிருப்பாக?"

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். பஸ் கோம்பையில் நின்றது. உங்களுக்குத் தெரிந்த யாரோ கீழே இருந்து கையசைத்தார்கள், நீங்கள் பார்க்கவில்லை.

"எட்டாவது முடிஞ்சதும் படிப்பு போதும்னுட்டாக. பாளையத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு சோறு திங்காமக் கிடந்தேன். லாரியில போய்ட்டு வந்து இதைக் கொடுத்தாக. உலகத்துலயே உங்கிட்ட மட்டுந்தான் இருக்குன்னாக. நானும் வாயை மூடிட்டேன்த்தா." ஈரம் காயாத படம் மடியில் கிடந்தது. "அதுக்கப்புறம் ஒரு நாளுகூடப் பள்ளிக்கூடத்தைக் கேக்கலையே நான்!"

அப்போதுதான் அழுதீர்கள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நீங்கள் வராமல் இருப்பீர்கள் என்று அந்தத் தரகர் நினைத்திருப்பார். வந்தீர்கள். அவர் கொண்டுவந்த கப்பல் படத்தைத் தட்டில் போடச் சொல்லி, அசல் என்று தெரிந்ததும் கைகூப்பி ஒப்புக்கொண்டீர்கள். திரும்பும்போது கீழே கடையில் ஆல்பம் வாங்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். பத்தாம் வகுப்புப் புத்தகம் எல்லாம் வேண்டும் என்று சாமுவேல் அண்ணனிடம் கேட்டீர்கள்.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தாண்ணே."

வீட்டில் என் அண்ணன் முதலில் சிரித்தார், பிறகு சத்தம் போட்டார், பிறகு தோட்டத்து மோட்டார் ரூம் வெளிச்சத்தில் உட்கார்ந்து உங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். தனித்தேர்வு எழுதினீர்கள். கணக்கு போய்விட்டது. தெருவில் சிலருக்கு அது பொங்கல் மாதிரி. நீங்கள் மறுபடியும் எழுதினீர்கள், மறுபடியும் போனது, மறுபடியும் எழுதினீர்கள். பாஸ் என்று தெரிந்த அன்று யானைப் படத்தை ஆல்பத்தில் காலண்டர்ப் பக்கம் மேலே தெரியும்படி வைத்து, கீழே உங்கள் கையெழுத்தில் எழுதினீர்கள்: "போலி. அப்பா கொடுத்தது." அப்பா என்ற சொல்லை அடிக்காமல் விட்டீர்களே, அதற்காக உங்களை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துப்போனது எனக்கு.

மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோனது. ஆல்பம் உங்கள் மகனிடம் பத்திரமாக இருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது என்று இந்த ஆனியில்தான் எனக்கே தெரிந்தது.

என் மகள் எட்டாவது முடித்திருந்தாள். மேலே படிக்க அனுப்புவது பற்றி வீட்டில் முணுமுணுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் தேனியில் இருந்து ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். உள்ளே தங்க ஜிமிக்கி. பிள்ளை கண்கள் விரிந்துவிட்டன. எனக்கு ஒரு நிமிஷம் கோம்பையில் நின்ற பஸ்ஸும் உங்கள் அழுகையும்தான் தெரிந்தன.

"இப்ப எதுக்கு இது?" என்றேன்.

"சும்மாதான். இனிமே வீட்டோட இருக்கப்போற புள்ள, ஆசையாப் போட்டுக்கட்டுமேன்னு."

நான் சத்தம் போடவில்லை மதினி. நீங்கள் அன்று மாடியில் பேசிய அதே குரல் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ஜிமிக்கியை எடுத்து நானே அவள் காதில் மாட்டி, திருகாணியை இறுக்கினேன்.

"நல்லாருக்கு. போட்டுக்கிட்டே பள்ளிக்கூடம் போவா" என்றேன்.

பள்ளி திறந்த அன்று பாளையம் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜிமிக்கி ஆட ஆட, கையசைத்துக்கொண்டே போனாள்.